லஸ்கர் இளையபெருமாளின் நிலவறை

இளையபெருமாளைப் பற்றி எழுதுங்கள் என்று பக்கீர் பாய் மூன்று வருஷமாக என்னை நச்சரிக்கிறார். அவருக்கென்ன, ஜெராக்ஸ் கடைக்காரர். எழுதியதை நாலு பிரதி எடுத்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கொடுக்க வேண்டும் என்று ஆசை. எனக்குத்தான் பேனாவை எடுத்தால் கை கூசுகிறது. அவரைப் பற்றி எழுதினால் கூடவே என்னைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கும். அதில் எனக்குப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

இளையபெருமாள் பொதுப்பணித் துறையில் லஸ்கர். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரியும் இடத்தில் மதகு இருக்கும். அந்த மதகின் ஷட்டரை மேலே இருந்து வந்த உத்தரவுப்படி ஏற்றி இறக்குகிறவர்தான் லஸ்கர். சம்பளம் சிறிது, பகை பெரிது. மேட்டூரில் தண்ணீர் குறைந்துபோய் முறை வைத்து விடும் வருஷங்களில், பாபநாசத்துக்குத் தெற்கே அவருடைய மதகுக்கு முன்னால் எல்லாக் கட்சிக் கொடியும் வந்து நிற்கும். ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளர் போனில் கத்துவார். எதிர்க்கட்சிக்காரர் நேரில் வந்து கத்துவார். இளையபெருமாள் இருவருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார். "ஆர்டர் வரட்டும்ங்க, தொறந்துடலாம்." என் சித்தப்பா ஒரு முறை, தம்முடைய பதினாலு ஏக்கரும் காய்கிறது, இரண்டு திருகு மட்டும் ஏற்றிவிடு என்று கேட்டுப்போய், அதே பதிலை வாங்கிக்கொண்டு முகம் சிவக்கத் திரும்பி வந்தார்.

அவருடைய அப்பா வீரையனும் அதே மதகில் லஸ்கராக இருந்தவர். வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் இறந்துபோனார். வாரிசு வேலையாக மகனுக்கு 2007இல் உத்தரவு வந்தது. இளையபெருமாளுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அஞ்சல் வழியில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தார். வேலைக்கான சான்றிதழ்களை நகல் எடுக்கப் பாபநாசம் கடைத்தெருவில் பக்கீர் பாய் கடைக்குப் போனவர், மேஜைமேல் ஒரு சுருக்குப்பையிலிருந்து உருண்டு கிடந்த பகடைகளைப் பார்த்திருக்கிறார். நான்கு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று கண்ணாடிக் கற்கள் போலக் கிடந்தனவாம். "இது என்னங்க பாய்?" என்று கேட்டிருக்கிறார். எங்கள் கதை அங்கேதான் தொடங்கியது.

பக்கீர் முகம்மது நாகூர்க்காரர். சிங்கப்பூரில் அச்சகத்தில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவர். கூட வேலை பார்த்த பையன்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடிய ஆட்டம் ஒன்றைக் கற்றுக்கொண்டு, மூன்று தடித்த புத்தகங்களோடும் அந்தச் சுருக்குப்பையோடும் ஊர் திரும்பியிருந்தார். ஆட ஆளில்லாமல் புத்தகங்கள் ஏழு வருஷம் அலமாரியில் கிடந்தன. இளையபெருமாள் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவற்றை முழுக்கப் படித்து முடித்தார். பிறகு நான் சேர்ந்தேன். நான் மேல்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியன், பெயர் ரெங்கசாமி. கடைசியாக அரசு மருத்துவமனை நர்ஸ் ஆனந்தவல்லி வந்து சேர்ந்தார். 2014இலிருந்து ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்கு, கடையின் பின் அறையில், காகிதக் கட்டுகளுக்கு நடுவில் நாலு பேரும் உட்கார்ந்துவிடுவோம்.

ஆட்டம் என்றால் சீட்டாட்டம் இல்லை. ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருப்போம். "படி இறங்குறீங்க. ஈர வாடை அடிக்குது. இடது பக்கம் ஒரு கதவு. என்ன செய்யறீங்க?" என்று நடத்துபவர் கேட்பார். நாம் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை முடிவு செய்யும். பூமிக்கு அடியில் நிலவறைகள், அவற்றில் பூதங்கள், புதையல்கள். கொன்றால் புள்ளி கிடைக்கும். புள்ளி சேர்ந்தால் நம் ஆள் பலசாலி ஆவான். என் வீரனுக்கு வஜ்ரபாகு என்று பெயர். சிரிக்காதீர்கள், நாற்பது வயது ஆசிரியனுக்கும் ஆசை இருக்காதா? நாலு வருஷத்தில் அவன் ஒன்பதாவது லெவலுக்கு வந்திருந்தான். வார்டில் ஒரு உருண்டை பஞ்சு எடுத்தால்கூட ரெஜிஸ்டரில் எழுதும் ஆனந்தவல்லி, ஆட்டத்தில் திருடியாக இருந்தார். பாய் மந்திரவாதி.

நடத்துகிறவர் எப்போதும் இளையபெருமாள்தான். நிலவறை வரைபடங்களைப் பழைய அரசாங்கப் படிவங்களின் பின்பக்கத்தில் வரைவார். ஒரு அறையைக்கூட அதன் தண்ணீர் எங்கே வடிகிறது என்று யோசிக்காமல் வரையமாட்டார். பூதங்களுக்கெல்லாம் அவர்தான் குரல் கொடுப்பார், கர்ஜிப்பார், கெஞ்சுவார். நாங்கள் வெட்டிய பிறகு "செத்துட்டான்" என்று சொல்லிப் பென்சிலால் ஒரு கோடு இழுப்பார்.

எனக்கு அந்த ஞாயிறுகள் வேறு காரணத்துக்காகவும் பிடித்திருந்தன. எங்களுடையது பண்ணை வீடு. என் தாத்தா காலத்தில் வீரையன் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. அவருடைய மகன் முன்னால் நான் உட்கார்ந்து, "கதவைத் தள்ளிப் பார்க்கலாமா?" என்று அனுமதி கேட்பேன். அவர் நினைத்தால் என் வீரன் செத்தே போவான். இப்படி உட்கார்ந்திருப்பதால் நான் பெரிய மனசுக்காரன் என்று எனக்குள் ஒரு நினைப்பு. அந்த நினைப்பை யாரும் கேட்காமலேயே நாலு வருஷம் சுகமாக வளர்த்துவந்தேன்.

2018 பொங்கல் முடிந்த ஞாயிறு. சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்த நேரம். எரிவாயு எடுப்பதை எதிர்த்துச் சாலை மறியல் என்று ஆனந்தவல்லி ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். ஆட்டம் தொடங்கியது. மலையடிவாரத்தில் குள்ளப் பூதங்களின் குடியிருப்பு ஒன்றைக் கண்டுபிடித்திருந்தோம்.

"வளை மாதிரி இருக்கு," என்றார் இளையபெருமாள். "ஆள் குனிஞ்சுதான் போகணும். உள்ள பேச்சுச் சத்தம் கேக்குது. என்ன செய்யறீங்க?"

"குனிஞ்சு போனா ஒவ்வொருத்தரா குத்திடுவான்," என்றேன். "எதுக்கு உள்ள போகணும்? எலி வளைக்குப் பண்ற மாதிரி பண்ணிட்டாப் போச்சு."

எங்கள் பக்கத்தில் இதைத் தெரியாதவர் கிடையாது. கதிர் முற்றும் சமயத்தில் எலி வரப்பைக் குடைந்து உள்ளே நெல்லைச் சேர்த்து வைக்கும். ஒரு மண்பானையில் வைக்கோலைத் திணித்துப் பற்றவைத்து, வளை வாயில் கவிழ்த்து, பானையின் அடியில் இருக்கும் ஓட்டை வழியாக ஊதுவார்கள். மற்றப் பொந்துகளை எல்லாம் முன்கூட்டியே சேற்றால் அடைத்துவிட வேண்டும். சிறு வயதில் வரப்பில் நின்று இதை எத்தனையோ தரம் வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

பாய் உற்சாகமாகிவிட்டார். "மத்தப் பொந்தை எல்லாம் அடைக்கணுமே சார்."

"நான் சுத்திப் பார்த்து அடைச்சிட்டு வர்றேன் அண்ணே," என்றார் ஆனந்தவல்லி.

இளையபெருமாள் கொஞ்ச நேரம் யோசித்தார். "வைக்கோல் ஈரமா, காஞ்சதா?"

"அடியில காஞ்சது, மேல ஈரம்," என்றேன் கெட்டிக்காரத்தனமாக.

"அப்ப நல்லாப் புகையும்," என்றார். அவருக்கும் அந்த யோசனை பிடித்திருந்தது, அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. புத்தகத்தில் புகைக்கென்று விதி எதுவும் இல்லை. மூச்சு முட்டுவதற்கான விதியைத் தேடி எடுத்து, உள்ளே இருந்த ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பகடை உருட்டினார். மொத்தம் பதினொன்று. ஒன்றுகூடத் தப்பவில்லை. நாங்கள் கைதட்டினோம்.

பிறகு புள்ளி போட வேண்டும். தாளைப் பார்த்துக்கொண்டே, "ஏழு பெரிசு, நாலு சின்னது," என்றார். "சின்னதுங்களுக்கு எவ்வளவுன்னு புக்குல போடலைங்களே."

"சின்னதுக்குப் பாதி போடுங்க," என்றேன். டீயைக் குடித்துக்கொண்டே சொன்னேன். பண்ணையில் அதுதான் வழக்கம். நடவுக்கு வந்தாலும் களை எடுக்க வந்தாலும், குழந்தை என்றால் கூலியும் பாதி, சோறும் பாதி. என் வாயில் அது தானாக வந்தது.

இளையபெருமாள் எழுதுவதற்காகப் பென்சிலைத் தாளில் வைத்தார். வைத்த பென்சில் நகரவில்லை.

"பாதிங்களா?"

"ஆமா, அதானே முறை."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். மூன்று புத்தகங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார், பகடைகளைப் பொறுக்கிப் பையில் போட்டுச் சுருக்கை இழுத்தார். "இன்னைக்குப் போதும்ங்க," என்று எழுந்து போய்விட்டார். மணி நாலரைகூட ஆகவில்லை. வழக்கமாக ஆறு மணி வரை ஆடுவோம்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. போன் செய்தால், "ஷட்டர் வேலை இருக்கு சார்," என்றார். ஜனவரி இருபத்தெட்டோடு மேட்டூரை மூடியாகிவிட்டது, குடமுருட்டி வெறும் மணலாகக் கிடக்கிறது, இவருக்கு அப்படி என்ன ஷட்டர் வேலை என்று எனக்கு எரிச்சலாக வந்தது. என் வீரன் பத்தாவது லெவலைத் தொட்டுக்கொண்டு நிற்கிறான். புள்ளியை எழுதாமல் போய்விட்டாரே என்பதுதான் எனக்கு முதல் குறை. இதை எழுதும்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

"அன்னைக்கு அவர் முகத்தைப் பார்த்தீங்களா அண்ணே?" என்று ஆனந்தவல்லி கேட்டார். "வார்டு வாசல்ல நிக்கிறவங்க முகம் மாதிரி இருந்துச்சு. போய்க் கேளுங்க."

"கேக்குறதுக்கு என்ன இருக்கு? விளையாட்டுதானே," என்றேன். "அந்தப் புத்தகம் பெரிய சுமை. எல்லாத்துக்கும் விதி, ஆனா வேணுங்கிறதுக்கு இல்ல. மனுஷன் அலுத்துப் போயிட்டார். வேற ஆட்டம் எடுத்துக் கொடுத்தா வந்துடுவார்."

அப்படித்தான் வேறு ஆட்டம் தேடத் தொடங்கினோம். நிலவறைக்குள் இறங்கும் ஆட்டங்கள் உலகத்தில் இத்தனை இருக்கும் என்று அதுவரை எங்களுக்குத் தெரியாது. பாய் கணினியில் தேடித் தேடி அச்செடுத்துக் குவித்தார். ஒன்றில் காயங்களுக்கு மட்டும் இருபது பக்கப் பட்டியல். எந்த விரல் போனால் என்ன, எந்த எலும்பு முறிந்தால் என்ன என்று வரி வரியாக இருந்தது. பாய் அதற்குப் 'பிரேதப் பரிசோதனை' என்று பெயர் வைத்தார். இன்னொன்றில் பகடையே கிடையாது, எல்லாவற்றையும் பேசியே தீர்த்துக்கொள்ள வேண்டும். அதை நாங்கள் 'பட்டிமன்றம்' என்றோம். மூன்றாவது ஒன்று நாற்பத்தெட்டே பக்கம், பழைய பாணி, படங்களைப் பள்ளிக்கூடப் பிள்ளை வரைந்தது போல இருந்தது. அதில் எல்லோரும் முதல் லெவலிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒரு குத்து வாங்கினால் ஆள் காலி. வஜ்ரபாகுவை அதற்குள் கொண்டுபோகவே முடியாது. நாலு வருஷ உழைப்பைக் குப்பையில் போடச் சொல்கிறீர்களா என்று பாயிடம் சண்டை போட்டேன். "சும்மா ஒரு ஓரமா இருக்கட்டும் சார், காகிதம் கம்மியாத்தான் ஆச்சு," என்று அதையும் கட்டில் சேர்த்துவைத்தார்.

மார்ச் மாதம் முதல் வாரம், ஒரு சாயங்காலம், மூன்று கட்டுகளையும் எடுத்துக்கொண்டு மதகுக்குப் போனேன். இளையபெருமாள் ஷட்டரின் திருகு கம்பிக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். உண்மையாகவே வேலை இருந்திருக்கிறது.

"வாங்க சார்," என்று அங்கிருந்த ஒரே நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டுவிட்டு, மதகுச் சுவரில் உட்கார்ந்தார்.

கட்டுகளைப் பிரித்துக் காட்டினேன். "பழசு வேணாம்னா விட்டுடுவோம். இதுல எது பிடிக்குதோ அதை எடுத்துக்கலாம். நீங்க வந்தாப் போதும். நீங்க இல்லாம எங்களுக்கு ஞாயித்துக்கிழமையே இல்ல."

அதை மட்டும் நான் மனசாரச் சொன்னேன். அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

"எங்க அப்பாவுக்கு அப்ப எட்டு வயசு சார். கூலியில அரை மரக்கா கூடக் கேட்டு அறுப்பை நிறுத்தி வெச்சிருந்த வருஷம். புது ஆட்சி வந்து ரெண்டு மூணு வருஷம் ஆயிருக்கும். இனிமே நியாயம் கெடைக்கும்னு ஒரு தெம்புல நிறுத்திட்டாங்க. வெளியூர்லேர்ந்து ஆளை எறக்கி அறுக்க ஆரம்பிச்சாங்க. ஆம்பளைங்க எல்லாம் மறிக்கப் போயிட்டாங்க. அப்பா மாடு மேய்ச்சுக்கிட்டு வாய்க்காக் கரையில நிக்குது. பட்டப் பகல்தான். தெருவுக்குள்ள ஆள் வர்றாங்கன்னு தெரிஞ்சதும் மிச்சம் இருந்தவங்க கோடி வீட்டுக்குள்ள போய்ச் சாத்திக்கிட்டாங்க. வந்தவங்க வாசல்ல வைக்கலைப் போட்டுக் கொளுத்தியிருக்காங்க. ஈர வைக்கல். கொல்லணும்னு வந்தாங்களா, வெளிய வர வைக்கணும்னு வந்தாங்களா, அது தெரியாது. ஒருத்தரும் வெளிய வரல. புகையிலயே போயிட்டாங்க. எங்க அப்பாயி, மடியில அத்தை, அப்பாவோட தங்கச்சி, அதுக்கு ரெண்டு வயசு. இன்னொரு அம்மாவும் ரெண்டு புள்ளைங்களும்."

துணியை மடித்துச் சுவர்மேல் வைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"பத்து நாள் கழிச்சுப் பண்ணை காரியக்காரர் வண்டியில நெல்லு கொண்டாந்து எறக்கினாராம். வழக்கு கிழக்குன்னு போகாம இருக்கத்தான். செத்தவங்களுக்கு ஆளுக்கு ரெண்டு மூட்டை. அத்தை பேரு வந்தப்ப, 'சின்னதுக்குப் பாதி போடு'ன்னாராம். அப்பா பக்கத்துலயே நின்னு கேட்டிருக்கு. அந்த நெல்லைத் தின்னுதான் சார் அப்பா வளந்துச்சு. வேற என்ன பண்ணும்?"

எங்கள் வீட்டிலும் அந்தத் தீயைப் பற்றிய பேச்சு உண்டு. எங்கள் ஊருக்கு இரண்டு ஊர் தள்ளி நடந்தது. அடுப்புப் பொறி பறந்து கூரையில் பிடித்துக்கொண்டது என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பிறகு வீரையன் தாய்மாமன் வீட்டோடு எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தார் என்பதும் எனக்குத் தெரியும். ஏன் வந்தார் என்று நான் கேட்டதே இல்லை.

"எங்க பண்ணை ஆளுங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். உங்க தாத்தா மிராசுதார் சங்கத்துல இருந்தாங்க. அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' எனக்காகச் சொன்னது. எனக்கு வலிக்கக் கூடாது என்று அவர் சேர்த்துச் சொன்ன வார்த்தை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான் அழுதால் அவர் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும். அந்த வேலையையும் அவர் தலையில் வைக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆற்று மணலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் அன்னைக்கு அப்படிச் சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

"உங்க மேல கோவம் இல்ல சார். இருந்தாச் சொல்லியிருப்பேன். டைஸை உருட்டினது நான்தானே. வைக்கல் ஈரமான்னு கேட்டதும் நான்தான். எங்க அப்பா சொல்லிச் சொல்லி வளத்த கதை, அப்ப எனக்கு ஞாபகத்துக்கே வரல. ஆட்டம் நல்லாப் போகுதுன்னு சந்தோஷமா இருந்தேன். பாதி போடுறதுக்குப் பென்சிலையும் வெச்சிட்டேன். அதுதான் தாங்கல."

அதற்குப் பிறகு அவரே கட்டுகளைக் கையில் எடுத்தார். மேலிடத்து உத்தரவைப் படிப்பது போல ஒவ்வொரு பக்கமாக, நிதானமாகப் படித்தார். நான் காத்திருந்தேன். அவர் மூன்றையும் ஓரமாக வைத்துவிட்டு, 'வேணாம் சார், விட்டுடுவோம்' என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. சொன்னால் அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் கடைத்தெருவில் பார்த்து வணக்கம் சொல்லிக்கொள்வோம், அவ்வளவோடு சரி. எங்கள் ஊரில் அவர் வீட்டாரும் எங்கள் வீட்டாரும் மூன்று தலைமுறையாக அப்படித்தான் இருக்கிறார்கள்.

'பிரேதப் பரிசோதனை'யை முதலில் தள்ளினார். "காயத்தைப் பத்தி இவ்வளவு எழுதியிருக்கான், காயம் பட்டவனைப் பத்தி ஒரு வரி இல்ல."

'பட்டிமன்ற'த்தைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான். "பேசியே தீத்துக்கணும்னா, பேசப் படிச்சவங்கதான் ஜெயிப்பாங்க. அதாவது நீங்க."

நாற்பத்தெட்டுப் பக்க ஆட்டத்தில் நெடுநேரம் நின்றார். ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னிடம் நீட்டினார். "இதைப் பாருங்க சார். உள்ள யாரையாவது சந்திச்சா, வாளை எடுக்கிறதுக்கு முந்தி ரெண்டு டைஸ் உருட்டணுமாம். நம்மளைப் பார்த்து அவங்க என்ன நெனைக்கிறாங்கன்னு தெரிஞ்சுக்க. பன்னெண்டு விழுந்தா சேத்துக்குவாங்க. ரெண்டு விழுந்தா பாஞ்சிடுவாங்க. நடுவுல விழுந்தா சந்தேகமா நிப்பாங்க, பேசிப் பார்க்கலாம். கொன்னா பாயின்டே கெடையாது, வெளிய கொண்டாந்த பொருளுக்கு மட்டும்தான். நம்ம பெரிய புக்குல இந்தப் பக்கமே இல்லைங்களே."

"இதையே எடுத்துக்குவோம்," என்றேன். வஜ்ரபாகுவைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. அவனை அந்த மதகிலேயே விட்டுவிட்டேன்.

"ஒண்ணு மட்டும் சேத்துக்கலாம். குடியிருக்கிற எடத்துலேர்ந்து எடுத்தா அதுக்கும் பாயின்ட் கெடையாது."

"சரி."

"இன்னொண்ணு. நான் நடத்தல. நீங்க நடத்துங்க."

திகைத்துப்போனேன். "எனக்கு அதெல்லாம் வராது, இளையபெருமாள். நீங்க நடத்துற மாதிரி யாரு நடத்த முடியும்?"

"உள்ள இருக்கிறவங்களுக்கெல்லாம் நாலு வருஷமா நான்தான் பேசினேன். வாரா வாரம் நான்தான் செத்தேன். இனிமே நீங்க பேசுங்க, சார்."

சரி என்று தலையாட்டினேன்.

மூன்று வாரம் தயார் செய்தேன். பரீட்சைத் தாள் திருத்தும் வேலையைக்கூடத் தள்ளிப்போட்டேன். ஏப்ரல் முதல் ஞாயிறு, நாலு பேரும் மறுபடி காகிதக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்தோம். நடத்துகிறவர் நாற்காலியில் நான். இளையபெருமாள் முதல் தடவையாகத் தமக்கென்று ஒரு பாத்திரம் எழுதினார். பகடை அவருக்குத் தயவு காட்டவில்லை. மூன்றே மூன்று உயிர்ப்புள்ளி, அது தீர்ந்தால் ஆள் செத்தான். காத்தான் என்று பெயர் வைத்து, கையில் ஒரு விளக்கையும் இடுப்பில் ஒரு கத்தியையும் கொடுத்தார்.

நான் வரைந்திருந்தது ஒரு பாழடைந்த களஞ்சியத்துக்கு அடியில் இருக்கும் அறைகள். அங்கே சிலர் குடியிருந்தார்கள். காத்தான் முன்னால் படி இறங்கிப் போனான். ஒரு தட்டிக் கதவு, அதற்குப் பின்னால் பேச்சு. விதிப்படி நான் இரண்டு பகடையை உருட்டினேன். மறைவுக்குப் புத்தகத்தை நிமிர்த்தி வைத்திருந்தேன். விழுந்தது ஒன்றும் ஒன்றும்.

அதை ஏழு என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவர் திரும்பி வந்த முதல் நாள். முதல் வாசல். சந்தேகமாகப் பார்க்கிறார்கள், பேசலாம் என்று சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி.

"மறைக்காதீங்க சார்," என்றார் இளையபெருமாள். "என்ன விழுந்துச்சு?"

"ரெண்டு."

"அப்ப அதைச் சொல்லுங்க."

சொல்ல வேண்டும். உள்ளே இருக்கிறவர்களாக நான் பேச வேண்டும். வாயைத் திறந்தேன், வரவில்லை. இருபது வருஷம் வகுப்பில் கத்திய தொண்டை. பாய் தலையைக் குனிந்துகொண்டார். வெளியே கடையில் யாரோ "பாய், ஆதார் ரெண்டு காப்பி," என்று கூப்பிட்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

"உள்ளேயிருந்து ஒரு பொம்பளைக் குரல்," என்றேன். பிறகு அந்தக் குரலாகப் பேசினேன். "வராத. அங்கயே நில்லு. போன தடவை வந்தவங்க கையிலயும் வெளக்குதான் இருந்துச்சு. நாங்களும் நம்பித்தான் உள்ள இருந்தோம். எங்க புள்ளைங்க எங்க? சொல்லு, எங்க?" அதற்கு மேல் என்னால் முடியவில்லை. என் குரல் உடைந்துவிட்டது. இந்தத் தடவை அதை மறைக்கவும் முடியவில்லை.

"அப்பறம்?" என்று இளையபெருமாள் மெதுவாகக் கேட்டார்.

"தட்டிச் சந்துல ஈட்டி வருது." உருட்டினேன். பட்டது. நாலு புள்ளி சேதம். காத்தானுக்கு இருந்தது மூன்று.

"அய்யோ," என்றார் ஆனந்தவல்லி. "அவர் ஒரு வார்த்தைகூடப் பேசலையே அண்ணே."

"வேணும்னா திரும்ப உருட்டுறேன்," என்றேன் அவசரமாக.

"வேணாம் சார்." இளையபெருமாள் ரப்பரை எடுத்துக் காத்தான் என்ற பெயரை அழித்தார். தூளை ஊதினார். "அவங்க செஞ்சது சரிதான்."

அதே தாளில் மறுபடி பகடை உருட்டி வேறு ஒரு ஆளை எழுதினார். ஐந்து நிமிஷம் ஆயிற்று. எழுதி முடித்ததும் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இவனும் அங்கதான் போறான். தட்டிக்கு நாலடி தள்ளி, தரையில உக்காந்துக்கிறான். கையில எதுவும் இல்ல. உள்ள வரல." அவர் என் முகத்தையே பார்த்தார். "அவங்க என்ன சொல்றாங்க சார்?"

நாலு வருஷத்தில், எத்தனையோ வாசலில் நின்று, நான் ஒரு தடவைகூட அவரிடம் இதைக் கேட்டதில்லை.